மூன்று அறையும் சூடுதான்

2024 மே 23, வியாழன்

காலையில் தலைநகர் கிஷினாவிலிருந்து கிளம்பும்போதே மழை. கோர்பேனிக்குள் திரும்பும் இடத்தில் வண்டி சேற்றில் சிக்கியது. யெஸ்பர் இறங்கித் தள்ளினார். டென்மார்க்கிலிருந்து வந்திருக்கும் பொறியாளர், ஐம்பது வயது, முழங்கால் வரை சேறோடு சிரித்துக்கொண்டே ஏறினார். அவருக்கு மொழிபெயர்க்கும் நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என் ஊர்ச் சேறு, தள்ளியது அவர்.

திட்டம் எளிது. எங்கள் மோல்டோவா ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை, வாசலில் நிற்கிறது. ஒன்றியம் பணம் தரும், நாம் புகையைக் குறைக்க வேண்டும். விறகும் நிலக்கரியும் எரிக்கிற வீடுகளுக்கு மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்பு. முதலில் ஆறு வீடு. சரியாக வந்தால் சுற்றுவட்டாரத்தில் இருநூறு. ஆறில் ஒன்று அனீசியா சித்தி வீடு. சொந்தம் என்பதால்தான் சேர்த்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அம்மா இத்தாலிக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. கல்லூரிக்குக் கிளம்பும்வரை சித்திதான் வளர்த்தாள்.

சித்தி எங்களைப் பெரிய அறையில் உட்கார வைத்தாள். மே மாதத்திலும் அங்கே கால் சில்லிட்டது. சுவரில் சீதனக் கம்பளம், சீதனப் பெட்டிமேல் அடுக்கிய தலையணைகள், சாமிப் படத்துக்குப் பின்னால் காய்ந்த துளசி. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. இன்று யெஸ்பரோடு வந்ததால் உட்கார்ந்தேன்.

"குளிர்காலத்துல எத்தனை ரூமைச் சூடு பண்றாங்க?" என்று கேட்டார் யெஸ்பர். நான் சித்தப்பாவிடம் கேட்டேன்.

தெரெந்தி சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு. மூணு ரூமும் சூடுதான். நம்ம வீட்டுக்கு வந்தவன் நடுங்கிக்கிட்டா போவான்?"

சித்தி என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். பிறகு மேசைவிரிப்பை நீவினாள்.

எனக்குத் தெரியாதா? நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த வீட்டில் ஒரே அறைதான் உயிரோடு இருக்கும்: அடுப்பு அறை. அடுப்போடு ஒட்டிக் கட்டிய செங்கல் மேடையில் நானும் சித்தி மகளும் படுப்போம். எங்கள் காலடியில் கட்டில், அதில் அவர்கள் இருவரும். துணி அங்கேயே காயும், சித்தப்பா அங்கேயே சவரம் செய்வார், ஊறுகாய் ஜாடியும் அங்கேதான். நடு அறையில் சாமான். பெரிய அறைக் கதவின் இடுக்கில் பழந்துணியைச் சுருட்டி அடைத்துவிடுவோம். அங்கே விருந்தாளிக்கும் பிணத்துக்கும் மட்டும்தான் இடம். விருந்தாளி கோட்டோடு வருவார். பிணத்துக்குக் குளிரே நல்லது.

"மூணு," என்றேன் யெஸ்பரிடம்.

"குளிர்காலம் முழுக்கவா?"

இதைச் சித்தப்பாவிடம் நான் கேட்கவேயில்லை. "ஆமாம்," என்றேன், நானாக.

ஏன்? வரும் வழியில், முன்பு வேலை பார்த்த ஏதோ ஒரு நாட்டில் குடும்பமே ஒரே அறையில் கோழிக்குஞ்சுகளோடு தூங்கியதை யெஸ்பர் சொல்லிச் சிரித்தார். கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது அன்பான சிரிப்பு.

மே 24

மீதி ஐந்து வீடும் முடிந்தது. எல்லாரும் மூன்று என்றார்கள். செராபிம் மாமா மட்டும், "குளிருன்னா நாங்க எல்லாரும் அடுப்பு ரூம்லதான் கண்ணு..." என்று ஆரம்பித்தார். யெஸ்பரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினேன். செராபிம் மாமா என் விரலைப் பார்த்தார். "ஆமா. மூணு," என்றார்.

ஜூலை 11

திட்டம் தேறிவிட்டது. யெஸ்பர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். இன்றைய புகையிலிருந்து நாளைய புகைக்குப் பச்சைக் கோடு அழகாக இறங்கியது. ஒரு அறைக்கு எரியும் விறகை மூன்று அறைக்கு எரிவதாக மூன்று மடங்காக்கினால் எந்தக் கோடும் அழகாகத்தான் இறங்கும். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்.

பதோவாவிலிருந்து அம்மா போன். "நான் இங்க ஐரோப்பாவோட கிழவியக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். நீ ஐரோப்பாவையே அனீசியா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியேடி." அழுதாள். சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 19

இன்று சித்தி வீட்டு அடுப்பை உடைத்தோம்.

அது திட்டத்தின் நிபந்தனை. அடுப்பு இருந்தால் அதையும் எரிப்பார்கள், புகை குறைந்ததாகக் கணக்கில் வராது. உடைத்ததற்குப் படமும் எடுக்க வேண்டும். எடுப்பது என் வேலை.

உள்ளே போனதும் சுண்ணாம்பு வாசனை. சித்தி நேற்று அடுப்புக்கு வெள்ளையடித்திருக்கிறாள். ஓரத்தில் நீலக் கோடுகூட இழுத்திருக்கிறாள், ஈஸ்டருக்கு இழுப்பதுபோல.

"உடைக்கப்போற அடுப்புக்கு எதுக்குச் சித்தி வெள்ளை?"

"போட்டோ எடுப்பேன்னு சொன்னியே. அழுக்கா அனுப்பினா அங்க என்ன நினைப்பாங்க?"

கொத்தனார்கள் இரண்டு பேர். மேடையை முதலில் உடைத்தார்கள். நான் படுத்த பக்கம் செங்கல்லெல்லாம் கறுப்பு. சித்தப்பா வெளியே போய்விட்டார். சித்தி முழுச் செங்கல்லை மட்டும் பொறுக்கிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கினாள். "எதுக்காவது ஆகும்," என்றாள்.

படம் எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்றும் எடுத்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

ஊர்த் திருநாள். சித்தி வீட்டில் இருபது பேர். முற்றத்தில் பெரிய வெள்ளைப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. வெப்பப் பம்பை ஊரில் எல்லாரும் 'பெட்டி' என்றுதான் சொல்கிறார்கள். மூன்று அறையிலும் சுவரோரம் வெந்நீர் ஓடும் தகடுகள். பெரிய அறையில் வேர்க்கிறது. சீதனப் பெட்டிமேல் வாசனைக்கு வைத்திருந்த ஆப்பிள்கள் அழுகிவிட்டன, சித்தி அள்ளிக் கொண்டுபோய்ப் பன்றிக்குப் போட்டாள்.

சித்தப்பா ஒவ்வொரு விருந்தாளியின் கையையும் பிடித்துத் தகட்டின்மேல் வைத்தார். "தொட்டுப் பாரு. ஐரோப்பா."

செராபிம் மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது சரிப்படாது தெரெந்தி. இந்தச் சூட்டுல நீ செத்தா மூணு நாள் வெச்சு அழ முடியாது. அன்னிக்கே தூக்கணும்."

"உன்ன மொதல்ல தூக்கிட்டுத்தான்டா."

எல்லாரும் சிரித்தோம். ஒயின் நன்றாக வந்திருக்கிறது இந்த வருஷம். பொய் சொன்னது நல்லதாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். மூன்று அறை என்று சொன்னேன், இப்போது மூன்று அறையும் சூடுதானே? பொய்யை நிஜமாக்கிவிட்டோம். கெட்டிக்காரி.

டிசம்பர் 20

கரண்ட் பில் வந்துவிட்டது என்று சித்தி போனில் சொன்னாள். எவ்வளவு என்று சொல்லவில்லை. "பரவால்ல, பரவால்ல," என்று இரண்டு தடவை சொன்னாள்.

2025 ஜனவரி 3

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் அந்தக் கரை இருட்டு என்று ஊரிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். நாட்டின் அந்தப் பக்கத்தை ரஷ்ய ஆதரவோடு தனியாகப் பிடித்து வைத்திருக்கிறவர்களுக்குப் புத்தாண்டு அன்று ரஷ்ய எரிவாயு நின்றுவிட்டது. அங்கே ஓடிய மின்நிலையத்திலிருந்துதான் எங்களுக்கும் மலிவு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. இனி ருமேனியாவிலிருந்து வாங்குகிறோம். விலை ஏறிவிட்டது.

அலுவலகத்தில் எல்லாரும் இதை விடுதலை என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், நிஜமாகவே. ஆனால் இந்த விடுதலைக்கு யார் வீட்டில் பில் வரும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியும்.

ஜனவரி 12, ஞாயிறு

சொல்லாமல் ஊருக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

பெட்டி ஓடவில்லை. அதன்மேல் பனி, பனிமேல் பூனைக் கால்தடம். வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. முற்றத்து மூலையில் கோடைச் சமையலறையின் புகைபோக்கியில் மட்டும் புகை.

கோடைச் சமையலறை என்றால் ஒற்றைச் செங்கல் சுவர், தகரக் கூரை. ஜூன் மாதத்தில் ஜாம் காய்ச்சத்தான் அது. கதவைத் திறந்தேன். உள்ளே இரண்டு கட்டில். சமைக்கிற சின்ன இரும்பு அடுப்பு, அதற்குமேல் கயிற்றில் துணி, சித்தப்பாவின் மூச்சு மருந்து, சாமிப் படம். சாமிப் படத்தைக்கூட எடுத்து வந்துவிட்டார்கள். கண் எரிகிற புகை. சித்தப்பா போர்வைக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பாதி நுரையீரல்தான் அவருக்கு. சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம்.

"ஏன் சித்தப்பா இங்க?"

"சும்மா. மாத்தத்துக்கு." இருமல். "கடற்கரைக்குப் போக டிக்கெட் கெடைக்கல."

சித்திதான் சொன்னாள். பில் இருவர் ஓய்வூதியத்தையும் சேர்த்துத் தின்றது. பெட்டியைக் குறைத்து ஓட்டலாமே என்று ஒரே அறைக்கு மட்டும் திறந்து பார்த்தார்கள். பெரிய அறைக் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கப் பார்த்தது. யாருமே இல்லாத அறையைச் சூடாக்கினால்தான் இருக்கிற அறைக்குச் சூடு வரும். அதனால் குழாய்த் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, இங்கே.

"எனக்கு ஏன் சொல்லல?"

"உன் வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?"

அப்புறம் அவள் செய்ததுதான் என்னைக் கொன்றது. சாவியை எடுத்து வீட்டைத் திறந்து என்னைப் பெரிய அறைக்குக் கூட்டிப்போனாள். சுவரில் உறைபனி மினுங்கியது. "உக்காரு. அங்க புகை, உன் கோட்டு நாறிடும்." ஒரு தட்டில் சீஸ் வைத்த ரொட்டி, ஒரு கிண்ணம் திராட்சை ஒயின். நான் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் வாசலில் நின்றாள். விருந்தாளியிடம் நிற்பதுபோல.

இந்த வீட்டில் என் மூக்கை அவள் தன் பாவாடை நுனியில் துடைத்திருக்கிறாள்.

ஜனவரி 14

ஊர்த்தலைவர் புர்லாக்குவைப் போய்ப் பார்த்தேன். ஆறு வீட்டில் நான்கு வீடு பெட்டியை நிறுத்திவிட்டதாம். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"பிப்ரவரியில பிரஸ்ஸல்ஸ்லேருந்து வராங்கம்மா. அவங்க பாத்துட்டுப் போனா அடுத்த இருநூறு வீட்டுக்குப் பணம். பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல், தெரு விளக்கு, எல்லாம் அதுலதான். அவங்ககிட்ட போயி என்ன சொல்லப்போற? எங்க ஊர்ல ஜனங்க கோழிக்கூட்டுல தூங்குதுன்னா?"

"இருநூறு வீட்டு அடுப்பையும் உடைப்பாங்க."

"கோடையிலதான் உடைப்பாங்க. அதுக்குள்ள விலை இறங்கிடும்."

"இறங்கலன்னா?"

"மூணுன்னு மொதல்ல சொன்னது யாரு? நானா?"

எழுந்து வந்துவிட்டேன். கதவைச் சாத்தும்போது தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே என்றார், மரியாதையாக.

ஜனவரி 25

யெஸ்பரிடம் சொல்லப் போனேன். அவர் மகள் அனுப்பிய நாய்க்குட்டிப் படத்தைக் காட்டினார். நாய்க்குட்டி அழகு என்றேன்.

பிப்ரவரி 5

நாளை வருகிறார்கள். சித்தி நேற்றே குழாயில் தண்ணீர் நிரப்பிப் பெட்டியைப் போட்டுவிட்டாளாம். பெரிய அறை சூடாக இரண்டு நாள் ஆகும். விருந்தாளிக்காக.

ஏழை நுகர்வோருக்கு ஒன்றியம் கரண்ட் சலுகை அறிவித்திருக்கிறது, மாதந்தோறும் முதல் சில யூனிட்டுக்கு. விளக்கும் குளிர்பெட்டியும் ஓடுகிற வீட்டுக்கு அது பெரிய உதவிதான். சித்தி வீட்டுப் பெட்டி அதை வாரக் கடைசிக்குள் குடித்துவிடும். அவர்கள் அப்போது அடுப்பைத் தொடாமல் இருந்திருந்தால் இந்தச் சலுகையில் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அடுப்பைத் தொட்டது நான்.

பிப்ரவரி 6, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

நான்கு பேர் வந்தார்கள், யெஸ்பரையும் சேர்த்து. வாசலில் சித்தி ரொட்டியும் உப்பும் வைத்து நின்றாள். பெரிய அறையில் வெதுவெதுப்பு. கோழி சூப், முட்டைக்கோஸ் உருண்டை, பாலாடை வைத்துச் சுட்ட அப்பம், மூன்று வகை ஊறுகாய். இரண்டு மாதமாக அவர்கள் என்ன தின்றார்களோ, இன்று மேசையில் தட்டு வைக்க இடமில்லை.

பிரஸ்ஸல்ஸ் அம்மையார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். நல்ல பெண்மணிதான். சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இந்தக் குளிர்காலம் எப்படிப் போச்சு?"

நான் கேட்டேன். சித்தப்பாவைப் பார்த்தேன். சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீங்கள் சொன்னால் நான் மொழிபெயர்த்துவிடுவேன், நானாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கிண்ணத்தைத் தூக்கினார். "ஜூலை மாசம் மாதிரி இருந்துச்சும்மா. ராத்திரியில ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கினோம்." உடனே இருமல். நிற்கவேயில்லை. முகம் கறுத்துவிட்டது. "ஒயின் தப்பான வழியில போயிடுச்சு," என்றார்.

ஜூலை மாதம் மாதிரி. ஜன்னலைத் திறந்து. ஒயின் தப்பான வழியில். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. அவர்கள் சிரித்தார்கள், அம்மையார் சித்தப்பாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு யெஸ்பர் பெட்டியைப் பார்க்க முற்றத்துக்கு வந்தார். கோடைச் சமையலறைக் கதவின்மேல் சித்தி சீதனக் கம்பளத்தைத் தொங்கவிட்டிருந்தாள், காயப்போட்டதுபோல. பிப்ரவரியில் யார் கம்பளம் காயப்போடுவார்கள்? யெஸ்பர் அதன் ஓரத்தைத் தொட்டார். "அழகா இருக்கு. உள்ள என்ன?"

நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"பழைய சாமான்," என்றேன்.

சித்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் என்ன சொன்னேன் என்று கேட்கவுமில்லை.

பிப்ரவரி 7

பழைய சாமான்.

பிப்ரவரி 15, சனி

நேற்று சித்தப்பாவை மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா. விருந்தாளிகள் போன அன்று சாயந்திரமே பெட்டியை நிறுத்திவிட்டுப் புகைக்குள் திரும்பியிருக்கிறார்கள். ஜூலையிலிருந்து ஜனவரிக்கு.

ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் விரலால் தகட்டைக் காட்டினார், சுவரோரம் இருக்கிற பழைய இரும்புத் தகடு. "தொட்டுப் பாரு," என்று உதடு மட்டும் அசைந்தது. கிண்டல் பண்ணுகிறார். இப்போதுமா?

நடையில் சித்தி என் கையைப் பிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அவரு மூணுன்னு சொன்னாரு, நீ மூணுன்னு சொன்ன. உன்னச் சொல்லி என்ன பண்றது?"

"எனக்கு உண்மை தெரியும் சித்தி. நான் அந்த மேடையில படுத்தவ."

"தெரிஞ்சா? வெளிநாட்டுக்காரன் முன்னாடி நம்ம வீட்டைக் காட்டிக் கொடுக்க முடியுமா?"

அதைத்தான் நான் மே மாதத்தில் நினைத்தேன். அதே வார்த்தை. அவள் வாயிலிருந்து வந்தபோதுதான் கேட்டது, எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று. வீட்டைக் காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களைக் காட்டிக் கொடுத்தேன்.

டாக்டர் இரண்டு நாள் போகட்டும் என்கிறார்.

பிப்ரவரி 17

யெஸ்பரிடம் சொல்லிவிட்டேன். அலுவலக வாசலில், அவர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது. உட்காரச் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து, என்றெல்லாம் திட்டமிட்டிருந்தேன். பூட்டு சத்தம் கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

ஒரு அறை. ஆறு வீட்டிலும் ஒரே ஒரு அறை. அடுப்பு மேடை. கம்பளத்துக்குப் பின்னால் இரண்டு கட்டில். ஆஸ்பத்திரி.

அவர் முகம் சிவந்தது. "அவங்க பொய் சொன்னாங்களா, நீ பொய் சொன்னியா?"

"அவங்க பெருமையாச் சொன்னாங்க. நான் பொய் சொன்னேன்."

"இருநூறு வீட்டுக்கும் அந்த எண்ணை வெச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கேன்."

"தெரியும்."

"நீ ஏன்..." நிறுத்தினார். "நான் சிரிச்சேனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கோழிக்குஞ்சுக் கதையை ஞாபகம் வைத்திருக்கிறார். ஆமாம் என்று சொன்னால் பாதிப் பழி அவர் தலையில் போய்விடும். இல்லை என்றேன். பிறகு, "சிரிச்சீங்க. ஆனா அது காரணம் ஆகாது," என்றேன்.

உள்ளே போனவர் அந்தக் கணக்கைத் திறந்து வைத்து மாலை வரை உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 20

சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். நர்ஸிடம் சண்டை போட்டாராம், சூப்பில் உப்பில்லை என்று.

மார்ச் 20

இருநூறு வீடு நிறுத்தி வைக்கப்பட்டது. மறு ஆய்வு. என் ஒப்பந்தமும் முடிந்தது; புதுப்பிக்கவில்லை. நியாயம்தான். யெஸ்பர் கைகுலுக்கினார், கண்ணைப் பார்க்கவில்லை.

ஊருக்குப் போனேன். புர்லாக்கு தெருவில் என்னைக் கண்டதும் மறுபக்கம் கடந்தார். கடையில் ரொட்டி வாங்க நின்றபோது செராபிம் மாமா எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "பாத்துப் பேசுங்கப்பா. நம்ம வீட்டு மூத்திரச்சட்டியையும் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பிடுவா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

அம்மா போனில் பத்து நிமிஷம் கத்தினாள். "பதோவா வரைக்கும் பேசிக்கிறாங்கடி. நம்ம ஊர்ப் பொம்பளைங்க ஞாயித்துக்கிழமை பார்க்ல உக்காந்து இதத்தான் பேசுது. தெரெந்தி வீடு பூட்டிக் கிடந்துச்சாமே, கொட்டாயில கிடந்தாங்களாமே. என் மானம் போச்சு."

"அவரு உசுரு போகலம்மா."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 12

ஈஸ்டருக்கு முன் அடுப்பு வேண்டும் என்றாள் சித்தி. கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கிய செங்கல் அப்படியே இருந்தது. களிமண் குழைத்தது நான். புகைபோக்கிப் பக்கம் கட்டக் கொத்தனார் வந்தார்; உடைத்தவர்களில் ஒருவர்தான். "ஒரே வேலைக்கு ரெண்டு கூலி. இதுமாதிரித் திட்டம் இன்னும் ரெண்டு வரட்டும்," என்றார்.

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார். பாதியாக இளைத்துவிட்டார். சட்டைக் கழுத்துக்குள் கழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. "அந்தக் கறுப்புச் செங்கல்லை மேல வைக்காத. உள்பக்கம் திருப்பு. இலிங்கா, கேக்குதா? படிச்சவளே."

திருப்பி வைத்தேன்.

சித்தி இன்று எனக்குச் சாப்பாடு பெரிய அறையில்தான் வைத்தாள். கை முழுக்கக் களிமண். கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். தனியாக.

செப்டம்பர் 2

யெஸ்பர் கூப்பிட்டார். திட்டம் மறுபடி வருகிறது, வேறு மாதிரி: மனிதர்கள் இருக்கிற அறைக்கு மட்டும் சின்னப் பெட்டி, சுவருக்கும் கூரைக்கும் குளிர் தாங்கும் பூச்சு, அடுப்பு அப்படியே இருக்கும். மறுபடி வீடு வீடாக அளவெடுக்க வேண்டும்.

"நான் எதுக்கு? நான் பொய் சொன்னவ."

"அதனாலதான். எந்த இடத்துல பொய் சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியும்."

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சம்மதித்தேன்.

அக்டோபர் 18, சனி

செராபிம் மாமா வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். பெரிய அறையில் உட்கார வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் யெஸ்பரைப் பார்த்தே பேசினார்.

"மூணு ரூமும் சூடுதான்," என்றார். மறுபடியும். இவ்வளவுக்குப் பிறகும்.

நான் மொழிபெயர்க்கவில்லை. "மாமா, ஜனவரியில எங்க படுப்பீங்க?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? படுக்கையிலதான்."

"படுக்கை எந்த ரூம்ல இருக்கும்?"

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். யெஸ்பர் ஏதும் புரியாமல் காத்திருந்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. செராபிம் மாமா எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், அடுப்பு அறைக் கதவைத் திறந்தாள். "வந்து பாத்துக்கோங்க," என்றாள், தரையைப் பார்த்து. உள்ளே மறுபடி கட்டிய அடுப்பு, மேடை, கட்டில், கயிற்றில் பேரனின் காலுறை. "நாலு பேரு. இங்கதான்."

"ஒரு அறை. நாலு பேர்," என்றேன் யெஸ்பரிடம். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன்.

அவளுடைய காது சிவந்திருந்தது. எனக்கும்தான். இன்னும் நூற்றுக்கணக்கான வீட்டில் இதே வெட்கத்தை நான் கிளறி எடுக்க வேண்டும். இதற்கு நன்றி சொல்லப்போகிறவர் யாருமில்லை.

மதியம் யெஸ்பர் வண்டியில் சாண்ட்விச் சாப்பிடப் போனார். நான் சித்தி வீட்டுக்குப் போனேன். நேராகப் பெரிய அறைக்குள் போய், வழக்கம்போல் கோட்டோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அறை சில்லென்று இருந்தது. சீதனப் பெட்டிமேல் புது ஆப்பிள்கள் வரிசையாக.

அடுப்பு அறையிலிருந்து சித்தியின் குரல்: "யாரது அங்க? இலிங்காவா? அங்க உக்காந்து என்னடி பண்ற, பிணம் மாதிரி?"

"வந்தேன் சித்தி."

"வந்தா இங்க வா. உருளைக்கிழங்கு ஒரு வாளி கிடக்கு. உங்க சித்தப்பா ரெண்டு உரிச்சுட்டுத் தூங்கிட்டாரு."

உள்ளே போனேன். கயிற்றில் ஈரத் துணி முகத்தில் பட்டது. சித்தப்பா கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு சத்தமாக, ஒழுங்காக. சித்தி கத்தியை நீட்டினாள். மேடையில் இருந்த சட்டைகளைத் தள்ளி எனக்கு இடம் பண்ணினாள்.

"கோட்டைக் கழட்டு. வேர்க்கும்."